மணிக்கட்டுச் சோதனை

ஏப்ரல் 7, செவ்வாய்

நோக்கம்: கனவு கண்டுகொண்டிருக்கும்போதே அது கனவுதான் என்று தெரிந்துகொள்ள முடியுமா எனக் கண்டறிதல்.

தேவையான பொருட்கள்: இடது மணிக்கட்டு, வலது பெருவிரல், தூக்கம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை இயற்பியல் செய்முறை ஏட்டில் இப்படித்தான் எழுத வைக்கிறேன். நானே எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனாலும் முறை என்றால் முறை.

சூழ்நிலையையும் குறிப்பிட வேண்டும். பொங்கல் வியாபாரம் முடிந்த மறுவாரம், டவுன் ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த என் கணவர் ஆவுடையப்பன் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. கால் ஓரளவு திரும்பிவிட்டது, ஒரு கையைப் பிடித்துக்கொண்டால் நடக்கிறார். கை திரும்பவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. நான் பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே அமைதியான வீடு இப்போது எங்களுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்த அமைதியைத்தான். அதனால் குறை சொல்வதற்கில்லை.

செய்முறை எனக்குக் கிடைத்தது தற்செயலாக. தினமும் காலையில் வரும் பிசியோதெரபிஸ்ட் ஆக்னஸ், அவர் கைக்கு என்னென்ன பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஒரு வீடியோவை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். மணிக்கட்டை மடக்குவது, நீட்டுவது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பது. அது முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. அதுவும் மணிக்கட்டு பற்றியதே. மலைப் பக்கம் ஏதோ ஒரு ஊரின் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தாடிக்காரர் பேசினார். பகலில் ஞாபகம் வரும்போதெல்லாம் மணிக்கட்டின் உட்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தி, ‘நான் விழித்திருக்கிறேனா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டுமாம். பழகப் பழக இந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வருமாம். கனவில் மணிக்கட்டு எலும்பாக இருக்காது, பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் விரல் உள்ளே போகும். அந்த நொடியில் கனவு என்று தெரிந்துவிடும். அப்புறம் கனவு நம் சொல்படி கேட்கும். பறக்கலாம், கடல்மேல் நடக்கலாம், யாரை வேண்டுமானாலும் பார்த்துப் பேசலாம்.

எனக்குப் பறக்கும் ஆசை இல்லை. பார்த்துப் பேச வேண்டியவர்களும் யாருமில்லை. அறிவியல் ஆர்வம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, வியாழன்

பால் காயும்போது அழுத்தினேன். துணி காயப் போடும்போது அழுத்தினேன். சிலிண்டர்க்காரர் முன்னால் அழுத்தியபோது, “பிரஷர் இருக்கா டீச்சர்?” என்று விசாரித்தார். எல்லா நேரமும் விழித்துத்தான் இருக்கிறேன் என்று உறுதியானது.

கனவு வரவில்லை.

ஆக்னஸ் வந்து அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

“நேத்து சாயங்காலம் எக்சர்சைஸ் குடுத்தியளா டீச்சர்?”

“குடுத்தேன்.”

“பொய் சொல்லுதிய. விரலு சொல்லுது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கனவு வந்தது, அழுத்த மறந்துவிட்டேன். பொதுத்தேர்வு அறையில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். கேள்வித்தாள் கன்னடத்தில் அச்சாகியிருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் மளமளவென்று எழுதுகிறார்கள். இதைவிட வெளிப்படையான கனவு இருக்க முடியாது. ஆனாலும் கூடுதல் விடைத்தாள் கொடுத்துக்கொண்டே இருந்தேனே தவிர, மணிக்கட்டு ஞாபகமே வரவில்லை. கடமையுணர்ச்சி அறிவியலுக்கு எதிரி.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. பச்சடி வைத்தேன். வேப்பம்பூ கூடிப்போயிற்று. அவர் முகம் சுளித்தார். வழக்கமாக இதற்கு அரை மணி நேரம் பேசுவார். கசப்பில் ஆரம்பித்து, மாமியாரின் கைப்பக்குவம், கூறைநாட்டு நெசவு, முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று சுற்றிவிட்டு மறுபடி பச்சடிக்கே வந்து சேருவார். இன்று சுளிப்போடு முடிந்தது. நேரம் மிச்சம்.

புனேயிலிருந்து மகள் லோசனி வீடியோவில் வந்தாள். “அப்பா கைக்கு பயிற்சி குடுக்கியாம்மா?” என்று கேட்டாள். கொடுப்பதாகச் சொன்னேன். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அவளுக்குப் படம் உறைந்துபோயிருந்தது, நல்லவேளை.

புதுச்சேலை வாங்கவில்லை என்பதால் போன தீபாவளிக்கு அவர் கொண்டுவந்ததை எடுத்து உடுத்தினேன். ஏதோ ஒரு பச்சை. அவருக்கு வெறும் பச்சை என்று ஒன்று கிடையாது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, மாந்தளிர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருப்பார். கேட்பவர்களை அந்தப் பெயரிலேயே விழவைத்து விற்றும் விடுவார். இதற்கும் ஒரு பெயர் சொன்னார். அது ஏன் அந்தப் பெயர் என்று ஒரு கதையும் சொன்னார். நான் மாதத்தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ‘உம்’ என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, பெயர் ஞாபகம் இல்லை.

இன்று சேலையைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காற்று.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆக்னஸ் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். அவருக்குப் பயிற்சி கொடுப்பதை நான் அருகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நான் நின்றபடி என் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“அவிய கைய அமுக்கச் சொன்னா, ஒங்க கைய அமுக்கிட்டு நிக்கிய?”

விளக்க வேண்டியதாயிற்று. கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அவளோ கண்ணை விரித்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். “பறக்கலாமா டீச்சர்? நெசமாவா?” என்றாள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். அவர் கட்டிலில் படுத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்க முடிகிறது. யூகிப்பதும் கேட்பதும் ஒன்றல்ல. இது பொதுவான உண்மை, யாரையும் குறித்து எழுதவில்லை.

ஏப்ரல் 18, சனி

ஆக்னஸ் பறந்துவிட்டாள்.

முதல் நாளே. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கத்த ஆரம்பித்தாள். “வண்ணாரப்பேட்ட பாலத்துக்கு மேல பறந்தேன் டீச்சர்! கீழ டிராஃபிக்கு நிக்கி, நான் மேல போறேன்! பெருவெரலு பொதுக்குன்னு உள்ள போச்சு!”

வாழ்த்துச் சொன்னேன். அடிப்படை அறிவியல் பயிற்சி இல்லாதவர்களுக்குச் சில சமயம் இப்படி அமைந்துவிடும். ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 22, புதன்

முடிந்தது!

அவர் மதியம் தூங்கும்போது நானும் படுத்தேன். கனவில் பள்ளி ஆய்வகம். மின்கலம் வைக்கும் நீண்ட மேசைமேல் அவர் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், வலது கையால். ஏதோ உறுத்தியது. என் பெருவிரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது. அழுத்தினேன். போயிற்று! இட்லி மாவில் போவதுபோல் உள்ளே போயிற்று. இது கனவு என்று அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

“வடிவு, சாப்பிட்டியா?” என்றார்.

குரல் அவர் குரலேதான். அதே கரகரப்பு. நான் சொன்னேன்: “பேசுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க.” முப்பது வருடத்தில் நான் சொல்லாத வாக்கியம் அது.

பேசினார். எங்கள் தலைமையாசிரியை கால அட்டவணையில் செய்யும் அநியாயத்தைப் பற்றிப் பேசினார். கேஸ் விலை ஏறியதைப் பற்றிப் பேசினார். எல்லாம் எழுவாய், பயனிலையோடு, திக்காமல், பக்கத்து விஷயத்துக்குத் தாவாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்து முடித்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் எந்தப் பேச்சையும் முடித்ததே கிடையாது.

மேசைமேல் அந்தத் தீபாவளிச் சேலை கிடந்தது. எடுத்துக் காட்டி, “இது என்ன கலரு?” என்று கேட்டேன்.

பார்த்தார். “பச்சை” என்றார்.

“என்ன பச்சை?”

“வெளிர் பச்சை.”

கடையில் இப்படிச் சொன்னால் அன்றே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார்கள்.

விழித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் அவர் எனக்கு முன்பே விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு: முறை வேலை செய்கிறது. குறை: கனவில் வந்தவர் எனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கிறார். காரணம்: தூக்கத்தின் ஆழம் போதவில்லை என்று நினைக்கிறேன். கூட்ட வேண்டும்.

ஏப்ரல் 25, சனி

ஜலதோஷ மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் மதியத் தூக்கம் நன்றாக வருகிறது. ஜலதோஷம் இருப்பதுபோலவும் இருக்கிறது.

இன்று கனவில் மறுபடி வந்தார். சேலைக்கு வேறு பெயர் கேட்டேன். “கரும்பச்சை” என்றார். முந்தைய பதிலுக்கு நேர்மாறு. நானே மூன்று பெயர்களைச் சொல்லி, இதுவா இதுவா என்று கேட்டேன். மூன்றையும் ஒத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் என்னோடு ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம். ரசிக்க முடியவில்லை.

ஆக்னஸ் அவர் விரல்கள் உள்நோக்கிச் சுருள ஆரம்பித்திருப்பதைக் காட்டினாள். “இந்த மாசம் விட்டுட்டா அப்பறம் பிரிக்க கஷ்டப்படணும் டீச்சர்” என்றாள். சரி என்றேன். அவள் இப்போது தினமும் பறக்கிறாள். கன்னியாகுமரி வரை போய்விட்டாளாம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையில் ஒரு தூக்கம், மதியம் ஒரு தூக்கம். கூரியர்க்காரர் மணியடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு போடவில்லை என்று சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் இரண்டு கவளத்தோடு நிறுத்திக்கொண்டதன் காரணமும் அப்போதுதான் தெரிந்தது.

தாடிக்காரரின் இன்னொரு வீடியோ பார்த்தேன். பயிற்சி முற்றிய பிறகு கனவு நம்மை ஏமாற்றப் பார்க்குமாம். மணிக்கட்டு சில சமயம் கெட்டியாகவே இருக்குமாம். அப்போது கையை நம்பாமல் அறிவை நம்ப வேண்டும், நடக்க முடியாத ஒன்று நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். நல்ல திருத்தம்.

மே 2, சனி

இன்று எழுத முடியாது.

மே 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கேயோ அவர் குரல் கேட்டது.

“கருமம்!”

நல்ல சத்தமாக. மறுபடி, “கருமம்! கருமம்!”

மணிக்கட்டை அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. ஆனால் அவருக்குப் பேச வராது. பேசுகிறார். ஆகவே இது கனவு. தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் ஆயுளில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை, வாடிக்கையாளரிடம் பழகிப் பழகி வீட்டிலும் மரியாதையாகவே திட்டுவார். இது எனக்குத் தெரியாத ஒன்றாக இருக்கிறதே, ஆழம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் குரல் இன்னும் பலமுறை கூப்பிட்டது. பிறகு நின்றுவிட்டது.

நின்றதும்தான் எழுந்தேன்.

குளியலறை வாசலில் கிடந்தார். தனியாகப் போகப் பார்த்திருக்கிறார். நெற்றியில் ரத்தம். வேட்டி நனைந்திருந்தது. என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று எழுதப் போவதில்லை.

நான் குனிந்ததும் முகத்தைப் பார்த்து, மெதுவாக, “கருமம்” என்றார்.

பக்கத்து வீட்டு ராபியா ஓடிவந்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினோம். மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, நெற்றியில் மூன்று தையல். பேச்சு வந்தது எப்படி என்று கேட்டேன். சிலருக்கு முதலில் ஒரு வார்த்தை மட்டும் வரும், பெரும்பாலும் திட்டும் வார்த்தை, அதிர்ச்சியில் வெளியே வந்திருக்கும் என்றார் மருத்துவர். அது ஒன்றோடு நின்றுவிடவும் செய்யலாம், மற்றவற்றைக் கூட்டிக்கொண்டு வரவும் செய்யலாம் என்றார்.

முடிவு:

மே 4, திங்கள்

ஆக்னஸிடம் நானே சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவள் காதில் அதெல்லாம் விழவே இல்லை.

“சார் பேசிட்டாவளா? என்ன சொன்னாவ, என்ன சொன்னாவ?”

சொல்லச் சங்கடமாக இருந்தது. அவரே சொல்லிக் காட்டினார்.

ஆக்னஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஒரு பக்க முகத்தில் மட்டும். நெற்றித் தையல் இழுத்ததும், “கருமம்” என்று வலியில் சொன்னார். ஒரே வார்த்தைதான், ஆனால் முன்னதும் பின்னதும் வேறு வேறு.

மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டேன்.

மே 6, புதன்

சோதனை நிறுத்தப்படுகிறது. காரணம்: ஆய்வாளருக்குத் தூங்க நேரம் கிடைப்பதில்லை. காபி சூடு குறைந்தால் கருமம். மின்விசிறி வேகம் கூடினால் கருமம். செய்தி வாசிப்பவரின் சட்டை கருமம். நாலு மாத பாக்கி எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் வசூலிக்கிறார்.

காலையும் மாலையும் கைக்குப் பயிற்சி. மணிக்கட்டை மடக்கினால் ஒன்று, நீட்டினால் ஒன்று. சுண்டுவிரலுக்குத் தனியாக, நீளமாக ஒன்று. ராபியா மதில் வழியே எட்டிப் பார்த்து, “சார் ஸ்லோகம் சொல்லுதாவளா டீச்சர்?” என்று கேட்டாள்.

மே 10, ஞாயிறு

தலைமையாசிரியை பழங்களோடு பார்க்க வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, நம்பிக்கைதான் மருந்து என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னார். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கருத்தைத் தெரிவித்தார்.

“நன்றின்னு சொல்லுதாவ” என்றேன்.

“எனக்கு வேற மாதிரி கேட்டுதே?”

“உச்சரிப்பு இன்னும் சரியா வரல மேடம்.”

தலைமையாசிரியை போனதும் அந்தத் தீபாவளிச் சேலையை எடுத்துவந்து அவர் மடியில் போட்டேன். “இதுக்கு ஒரு பேரு சொன்னியளே, எனக்கு மறந்து போச்சு” என்றேன். இடது கையால் முந்தானையைத் தடவினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்து, உள்ளே தேடித் தேடி, கடைசியில் “கருமம்” என்றார். அதை அவர் அத்தனை மெதுவாகச் சொல்லி இதுவரை கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவருக்கு.

சேலையை மடித்து வைத்தேன். பெயர் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும், அவருக்குள்தான் இருக்கிறது.

மே 19, செவ்வாய்

கடை முதலாளி சங்கரபாண்டி நேற்று போனில், “அண்ணாச்சிய ஒருநாள் கூட்டிட்டு வாங்க. வைகாசி முகூர்த்தம், கூட்டம் நெரியுது, பட்டு செக்ஷன்ல அவிய இல்லாம கையொடிஞ்ச மாதிரி இருக்கு” என்றார். கையொடிந்தவரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது, பத்து தடவை மன்னிப்புக் கேட்டார்.

இன்று ஆட்டோவில் போனோம். எனக்கு விருப்பமில்லை. அந்த வார்த்தையோடு அவரை ஒரு கடையில் எப்படி உட்காரவைப்பது? கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நாற்காலி போட்டு மெத்தைவிரிப்பின் ஓரமாக உட்காரவைத்தார்கள்.

எதிரே ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும். அம்மா அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட ஒன்றைக் கையிலெடுத்துவிட்டார். பெண்ணின் முகம் வாடிக் கிடந்தது.

“கருமம்” என்றார் அவர். தெளிவாக, கடை கேட்க.

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா திரும்பிப் பார்த்து, “என்ன சொல்லுதாரு இவரு?” என்றார். வாயெடுத்தேன், மொழிபெயர்ப்பு வரவில்லை. பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். “சரியாத்தாம்மா சொல்லுதாவ” என்றாள்.

அவர் இடது கையை நீட்டி, அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை இழுத்தார். முடியவில்லை. அந்தப் பெண்ணே மறுமுனையைப் பிடித்து இழுத்து, தன் தோளில் போட்டுக்கொண்டாள். தங்கமா, சந்தனமா என்று சொல்லமுடியாத ஒரு நிறம். அவர் நாற்காலியில் சாய்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சரித்து, வெகுநேரம் பார்த்தார்.

“கருமம்…” என்றார், திருஷ்டி கழிப்பவர் போல.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் சித்திக்கு, நாத்தனாருக்கு என்று வந்தவர்கள் எல்லோரும் அவரிடமே காட்டிக் கேட்டார்கள். முதலாளி மேலே பார்த்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் களைத்துத் தூங்கிவிட்டார். ஸ்ரீபுரம் தாண்டுவதற்குள் குறட்டை.

மே 31, ஞாயிறு

விடுப்பு முடிகிறது. நாளை பள்ளி திறக்கிறார்கள். பகலில் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை லோசனி புனேயிலிருந்தபடியே ஏற்பாடு செய்திருக்கிறாள். முதலாளியோ தினமும் காலையில் கொஞ்ச நேரம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தால் போதும், ஆட்டோவும் ஆளும் நான் அனுப்புகிறேன் என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கீழே விழுந்தால்? மறுபடி பிரஷர் ஏறினால்? அவர் காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சண்டை வந்தது.

நான் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். மருத்துவர் சொன்னது, மாடிப்படி, வெயில், கூட்டம். ஒவ்வொன்றுக்கும் அவர் தம் வார்த்தையால் பதில் சொன்னார். கெஞ்சினார், கேலி செய்தார், என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வகுப்பெடுக்கும் தோரணையில் ஒரு கருமம் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “நீங்க போயி விழுந்து கெடந்தா யாரு பாக்கது? நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன்லா? ஒருதரம் விழுந்தது போதாதா? நான் அன்னைக்கு…” என்று ஆரம்பித்தவள் மேலே சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். இடது கையை எட்டி என் முழங்கையைப் பிடித்தார். வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

“போடி” என்றார்.

வேட்டி நனைந்து தரையில் கிடந்தபோதுகூட என்னை அவர் அப்படிப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை வாடி என்றோ போடி என்றோ சொன்னதே கிடையாது. ‘டீச்சர் பொண்டாட்டி’ என்று ஊரெல்லாம் பெருமையடித்து, வீட்டிலும் அந்த மரியாதையை விடாதவர். எந்தத் தூக்கத்தில், எத்தனை ஆழத்தில் தேடியிருந்தாலும் எனக்கு இது கிடைத்திருக்காது.

“என்ன சொன்னிய?” என்றேன்.

அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் எதையோ செய்தேன். ராபியா வாசலுக்கு ஓடிவந்து, “என்ன டீச்சர், என்னாச்சு?” என்றாள். “ஒண்ணுமில்ல, என்னத் திட்டுதாவ” என்றேன். நல்ல செய்தி சொல்லும் குரலில் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, ராபியா ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஆக்னஸுக்குப் போன் போட்டு அவர் காதருகே வைத்தேன். “சார், எனக்கு ஒருக்கா சொல்லுங்க சார்” என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. அவர், “கருமம்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோ ஒன்பதரைக்கு வரும். சட்டை தேய்த்து வைத்தாயிற்று. அந்தப் பெண்மணியை மதியத்துக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். வரவில்லை. நாளைக்குப் பள்ளி விட்டு வந்ததும் மறுபடி சண்டை போட்டுப் பார்க்க வேண்டும்.